நன்னடத்தைக்கு ஒரு பதக்கமா?

விழாக் காலங்களிற் பழைய மாணவர் உள்ளத்தில் எழும் ஆர்வங்களுள், தம்மை வளர்த்த கல்லூரிக்கு நிலையானதொரு பொருளை வழங்கிச் செல்லல் வேண்டும் என்பது முதன்மையானது. கட்டடம் எழுப்ப வல்லார் கட்டடம் எழுப்புவர்; நூலகத்துக்கு நூல் வழங்குவோர் சிலர்; விளையாட்டுத் திடலைத் திருத்துவோர் சிலர். ஏனையோர் பெற்றோர் நினைவாகவோ ஆசிரியர் நினைவாகவோ ஒரு பதக்கத்தை நிறுவி மனநிறைவு எய்துவர். அங்ஙனம் நிறுவப்படும் பதக்கங்களுள் நன்னடத்தைப் பதக்கம் என்பதும் ஒன்று. கணிதத்துக்கும் தமிழுக்கும் பரிசு உண்டு. ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் பரிசு உண்டு. இவை யாவற்றினும் மேலான ஒழுக்கத்துக்குப் பரிசு இல்லையாயின் அது குறையன்றோ என நல்லெண்ணமுடையோர் வினவுவர். வினா நேரியதே. ஆயினும், பொருளை ஒதுக்கு முன்னர்ச் சிறிது நின்று சிந்திக்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கின்றோம். நற்குணத்தைப் பதக்கத்தால் வளர்த்தல் அரிது. சில வேளைகளிற் பதக்கமே அதனைக் குன்றச் செய்தலுங் கூடும். அப்பொருளை வேறு வழியிற் செலவிடுதலே கல்லூரிக்கு நன்மை பயக்கும் என்பது எம் கருத்து.

இக்காலப் பிள்ளைகளிடத்தே ஒழுக்கம் குன்றிவிட்டது என்னும் முறைப்பாடு எக்காலத்தும் எழுவதே. நம் ஆசிரியர் நம்மைப் பற்றி அவ்வாறு கூறினர். அவர்தம் ஆசிரியர் அவரைப் பற்றிக் கூறியிருப்பர். எனவே அம்முறைப்பாட்டை நாம் இங்கு எடுத்தாள விரும்பவில்லை. எமது கவலை வேறு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை முதல் பல்கலைக்கழக நுழைவு வரை நம் பிள்ளைகளின் வாழ்வு ஒரே ஓட்டப் பந்தயமாகிவிட்டது. அருகில் அமர்ந்திருப்பவன் தோழனாதலினும் போட்டியாளனாதலே மிகுதி. இந்நிலையில் எஞ்சி நிற்கும் நற்செயலையும் மற்றுமொரு பந்தயமாக்குதல் தக்கதா என்பதே நாம் எழுப்பும் வினா.

குழந்தை எவ்வாறு பிறக்கின்றது என்பதிலிருந்து தொடங்குவோம். அது தன்னலமே வடிவாகப் பிறக்கின்றது, அதனை அடித்தோ ஆசை காட்டியோ நல்வழிப்படுத்தல் வேண்டும் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். ஜேர்மனியில் லைப்சிக் நகரத்து மக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வார்னெக்கன், தொமசெல்லோ என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. துணி காயப் போடுகின்ற ஒருவர் கையிலிருந்து கவ்வி தவறி விழுகின்றது. எட்டி எடுக்க முயல்கின்றார், இயலவில்லை. இரு கைகளிலும் புத்தகங்களைச் சுமந்துவரும் ஒருவர் அலுமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்கின்றார். இவற்றைப் பார்த்திருந்தவை பேச்சே திருந்தாத 18 மாதக் குழந்தைகள். எவரும் அவற்றைக் கேட்கவில்லை, புகழவில்லை, பரிசு காட்டவில்லை. எனினும் 24 குழந்தைகளுள் 22 குழந்தைகள் ஒரு முறையேனும் தாமாக எழுந்து சென்று உதவின. வேண்டுமென்றே ஒருவர் பொருளைக் கீழே எறிந்தபோது அவை அவ்வாறு எழவில்லை. பிறர் இடர்ப்பாட்டை உணர்ந்து கைகொடுக்கும் இயல்பு நாம் ஊட்டும் முன்னரே முளைவிட்டிருக்கின்றது என்பது இதனாற் பெறப்படும். விதை உண்டு, அதனைக் கருகாமற் காப்பதே நம் கடன்.

அவ்விருவரே 2008இல் மேலும் ஒன்றை வெளியிட்டனர். 20 மாதக் குழந்தைகளுட் சிலவற்றுக்கு, உதவிய ஒவ்வொரு வேளையும் ஒரு விளையாட்டுப் பொருள் வழங்கினர், சிலவற்றைப் புகழ்ந்தனர், சிலவற்றுக்கு யாதும் செய்திலர். பின்னர்ப் பரிசு எதுவுமில்லாத நிலையில் மீண்டும் உதவி வேண்டப்பட்டது. முன்னர்ப் பரிசு பெற்ற குழந்தைகளே ஏனையவற்றிலும் குறைவாக உதவின. இதற்கு முன்னரும், 1973இல், அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாலர் பள்ளியில் லெப்பர் முதலானோர் இத்தகையதொரு முடிவைக் கண்டிருந்தனர். படம் வரைதலில் இயல்பாக விருப்பமுள்ள சிறார்களுட் சிலரிடம், வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் பொருந்திய நற்சான்றிதழ் கிட்டும் என முன்னரே கூறினர். அவர்கள் வரைந்தனர், சான்றிதழையும் பெற்றனர். சில நாள் கழிந்தபின் நிறக்கோல்களை மீண்டும் மேசைமேல் வைத்தபோது, அச்சிறார் வரைதலிற் செலவிட்ட நேரம் சான்றிதழ் பெறாத சிறாரதில் ஏறத்தாழப் பாதியே ஆயிற்று. முன்னறிவிப்பின்றி அதே சான்றிதழைப் பெற்றோரிடம் அக்குறைவு காணப்படவில்லை. ஆதலின் கேடு சான்றிதழில் இல்லை. சான்றிதழுக்காகவே செய்கின்றோம் என்னும் நினைப்பில் உள்ளது. பொன்முத்திரையும் நாடாவும் என்றவுடன் நம் பரிசளிப்பு விழா மேடை அன்பர்க்கு நினைவு வருமாயின் அது எம் பிழையன்று.

ஓட்டப் பந்தயத்திற் பரிசு வழங்குகின்றோமே, அதனால் ஓடும் ஆற்றல் குன்றியதா எனச் சிலர் கேட்கலாம். ஓட்டத்தை அளக்க நிறுத்தற் கடிகாரம் உண்டு. எவர் பார்த்தாலும் பார்க்காவிடினும் ஓடிய தூரம் மாறாது. பரிசுக்காக ஓடினும் ஓட்டம் ஓட்டமே. நற்செயலோ, எந்நோக்கத்தாற் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே நற்செயலாகின்றது. ஆசிரியர் வருவதைக் கண்டு கீழே கிடந்த காகிதத்தைப் பொறுக்குவானும், எவரும் இல்லாத வேளையிற் பொறுக்குவானும் செய்தது ஒரே செயல் ஆயினும், இரண்டும் ஒன்றாகா. பதக்கமோ முன்னவனையே காண வல்லது. பின்னவன் அதன் கண்ணுக்குப் புலனாகான்.

இனி, பிள்ளை நன்மை தீமையை எவ்வாறு ஆராய்ந்தறிகின்றது என்பதை நோக்குவோம். சுவிற்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே, ஜெனீவா, நியூஷாத்தெல் நகரத்துச் சிறாரோடு அளவளாவி 1932இல் இப்பொருள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் சிறார்க்குக் கூறிய கதைகள் இரண்டு. உணவுண்ண அழைக்கப்பட்ட சிறுவன் ஒருவன் அறைக் கதவைத் திறக்கின்றான், கதவின் பின்னால் 15 கோப்பைகள் வைத்த தட்டு இருப்பதை அறியான், அனைத்தும் உடைகின்றன. மற்றொரு சிறுவன் தாய் வெளியே சென்ற சமயம் பார்த்து, அலுமாரியிலுள்ள பழப்பாகைத் திருட ஏறும்போது ஒரு கோப்பையை உடைக்கின்றான். எவன் குற்றம் பெரிது? ஏழு வயதளவினர் பலர் 15 கோப்பை உடைத்தவனையே சுட்டினர். ஒன்பது, பத்து வயதளவினர் திருடச் சென்றவனைச் சுட்டினர். அழிவை எண்ணிய மனம் வளர்ந்து நோக்கத்தை எண்ணுகின்றது. நோக்கம் தெளிவாகப் புலப்படுமாறு கதையை அமைத்தால், மூன்று நான்கு வயதினரும் அதனைக் கருதுவர் எனப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் திருத்தம் கூறியுள்ளனர். ஆயினும் வளர்ச்சி நடைபெறும் திசை பற்றி ஐயமில்லை.

அவ்வளர்ச்சி எதனால் நிகழ்கின்றது? பியாஜே இதற்கு விடை தேடிச் சென்ற இடம் பள்ளிக்கூட மேடையன்று. சிறுவர் போளையடிக்கும் தெரு. சிறியோர் விளையாட்டு விதிகளைப் பெரியோர் வகுத்த மாற்றொணா விதிகளாகக் கருதினர். எனினும் தம் மனம் போனவாறே விளையாடினர். பத்துப் பதினொரு வயதினரோ, விதிகள் எல்லோரும் உடன்பட்டால் மாற்றத்தக்கவை என்றனர். அவற்றை வழுவாது காத்தவரும் அவர்களே. தாமாக ஆய்ந்து உடன்பட்ட விதியே உள்ளத்தைக் கட்டுகின்றது. நம்மூர் ஒழுங்கைகளிற் கிளித்தட்டு மறித்தவர்க்கும் போளையடித்தவர்க்கும் இது புதிய செய்தியன்று. அங்கு நடுவர் எவரும் இலர். தொட்டானா தொடவில்லையா என்னும் வழக்கை வாதித்துத் தீர்த்தால் அன்றி ஆட்டம் நடவாது. தன் பக்கமே பேசுவானை மறுநாள் எவரும் சேர்த்துக்கொள்ளார். ஒத்தார் நடுவே, விட்டுக்கொடுத்தும் கேட்டு வாங்கியும் பெறுகின்ற அப்பயிற்சியை எந்த நீதிபோதனைப் பாடமும் தர இயலாது. அவ்வொழுங்கைகளில் மாலைப் பொழுதில் இன்று பிள்ளைகள் இலர். தனியார் கல்வி நிலையங்களில் இருக்கின்றனர்.

இவ்விடத்து மற்றொரு நுட்பத்தையும் கருதல் வேண்டும். எலியட் டூரியல் முதலான அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980ஆம் ஆண்டினை அடுத்து வெளியிட்டவற்றால் அறியப்படுவது யாதெனில், மிக இளம் பிள்ளைகளும் வழக்கம் வேறு, அறம் வேறு எனப் பகுத்துணர்கின்றனர் என்பதாம். ஆசிரியர் அனுமதித்தால் இரவு உடையோடு பள்ளிக்கு வரலாமா எனக் கேட்டால், வரலாம் என்பர். ஆசிரியர் அனுமதித்தால் மற்றப் பிள்ளையை அடிக்கலாமா எனக் கேட்டால், கூடாது, அவனுக்கு நோகும் என்பர். சிறு பிள்ளை அறிந்த இவ்வேறுபாட்டைப் பெரியோராகிய நாம் மறந்துவிடுகின்றோம். நீண்ட தலைமயிரும் சப்பாத்தின் நிறமும் ஒரு தட்டில். இளைய மாணவனை எள்ளி நகையாடி அழவைத்தல் மறு தட்டில். இரண்டையும் ஒழுங்கீனம் என்னும் ஒரே பெயராற் குறித்து, முன்னதனையே கடிந்து தண்டிக்கின்றோம்.

நன்னடத்தைப் பதக்கம் யாரைச் சென்றடைகின்றது என்பதையும் இவ்வேறுபாட்டைக் கொண்டே அளந்தறியலாம். தாமதித்து வாராதவன், உரத்துப் பேசாதவன், ஆசிரியர் சொல்லுக்கு மறுசொல் கூறாதவன் இவனே பெரும்பாலும் தெரிந்தெடுக்கப்படுவான். அவன் நல்லவனாகவே இருத்தல் கூடும்; அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், மூத்த மாணவர் சிலர் ஓர் இளையவனைத் துன்புறுத்தியபோது இடையிற் புகுந்து தடுத்துச் சண்டையில் அகப்பட்டவன், குற்றமற்ற தோழன் தண்டிக்கப்பட்டபோது எழுந்து நின்று "இது முறையன்று, சேர்" என்று கூறியவன் ஆகியோர் பெயர் அப்பட்டியலில் இடம்பெறுமா? கீழ்ப்படிதலை அறமென மயங்குதல் எளிது. கீழ்ப்படிதல் வேண்டற்பாலதே, ஆயினும் அஃது அறத்தின் முதற்படியேயன்றி முடிநிலையன்று.

அறத்தை ஆராயும் ஆற்றலிற் படிகள் பல உண்டெனக் காட்ட முயன்றவர் லோறன்ஸ் கோல்பேர்க். சிக்காகோப் பகுதியில் 10, 13, 16 வயதுடைய 72 சிறுவரிடம் உசாவி 1958இல் தம் ஆய்வேட்டை முடித்தார். புற்றுநோயால் இறக்கும் நிலையிலுள்ள மனைவியைக் காக்கும் மருந்து ஒருவனிடம் மட்டுமே உண்டு. தனக்கு 200 டொலர் செலவான அம்மருந்துக்கு அவன் 2,000 டொலர் கேட்கின்றான். கணவனால் 1,000 டொலரே திரட்ட முடிந்தது. அவன் மருந்தைத் திருடலாமா? இவ்வினாவுக்கு ஆம் என்பதோ இல்லை என்பதோ கோல்பேர்க்குக்குப் பெரிதன்று. கூறும் காரணமே பெரிது. சிறை கிடைக்கும் என்பான் ஒரு படியில் நிற்கின்றான். ஊரார் என்ன சொல்வர் என்பான் வேறொரு படியில். உயிருக்கு மிஞ்சிய உடைமையுரிமை இல்லை என்பான் இன்னுமொரு படியில். இவ்வாராய்ச்சி ஆண் பிள்ளைகளை மட்டுமே அளவுகோலாகக் கொண்டது, நீதியை எண்ணிப் பரிவை மறந்தது எனக் கரல் கில்லிகன் 1982இல் எடுத்துக் கூறினார். அக்கூற்றில் உண்மையுண்டு. நீதி, பரிவு இரண்டும் கூடிய வழியே மனிதன் முழுமை எய்துகின்றான்.

ஆயினும் காரணங் கூறத் தெரிந்தவன் அதன்வழி நடப்பான் என்பதற்கு யாது உறுதி? இவ்வினாவுக்கு விடை கோல்பேர்க்குக்கு 30 ஆண்டுகட்கு முன்னரே வெளிவந்திருந்தது. ஹாட்சோர்ன், மே என்னும் இருவர் அமெரிக்காவில் 10,000க்கு மேற்பட்ட சிறாரைச் சோதித்து 1928 முதல் 1930 வரை மூன்று நூல்களை வெளியிட்டனர். ஏமாற்ற வாய்ப்புள்ள பரீட்சைகள், விளையாட்டுகள், வீட்டுவேலைகள் எனப் பலவற்றை அமைத்துப் பார்த்தபோது, எங்கும் எப்பொழுதும் நேர்மையாளர், எங்கும் எப்பொழுதும் பொய்யர் என்னும் இரு பிரிவினரை அவர்கள் காணவில்லை. ஒரு வகுப்பில் நேர்மையாயிருந்தவனே வேறொரு சூழலில் ஏமாற்றினான். ஏமாற்றல் தவறு என்னும் அறிவு ஏமாற்றியோர்க்கும் இருந்தது. வகுப்பின் பொது மனப்பான்மையும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையிலுள்ள உறவும் பிள்ளையின் நடத்தையைப் பெரிதும் பாதித்தன. நன்னடத்தையைத் தனியொரு மாணவனின் சட்டைப் பையிற் குத்தி வைக்கத்தக்க பொருளாகக் கருதுதல் பொருந்தாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அது வகுப்பின் சொத்து, கல்லூரியின் காற்று.

இவ்வாறு கூறுவதனால் நீதிநூற் கல்வி பயனற்றது என்று நாம் கொண்டோமெனக் கருதற்க. ஆறுமுக நாவலர் (1822–1879) 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபின், சிறார்க்கெனப் பாலபாடங்களை இயற்றியபோது, எழுத்தறிவோடு நல்லறிவையும் இணைத்தே வைத்தார். அவ்வழியில் வந்தவை நம் கல்லூரிகள். இளமையில் நாவிற் பதிந்த நீதிமொழி, பொருள் விளங்காத காலத்திற் சொல்லாக நின்று, பின்னொரு நாள் வாழ்க்கை இடரும்போது பொருளாக விளங்குவதுண்டு. சொல் இல்லாதவன் தன் மனச்சான்றோடு எம்மொழியிற் பேசுவான்? ஆயினும் மனனம் செய்தல் தொடக்கமே. செயலாற் பொருள் ஏறாத சொல் பரீட்சைத் தாளிலேயே தங்கிவிடும்.

தண்டனை பற்றியும் ஒரு சொல். பிரம்பினால் வளர்ந்தோம், கெட்டா போனோம் எனப் பழைய மாணவர் ஒன்றுகூடும் இடங்களில் நகைத்துப் பேசுதல் வழக்கம். நம் நாட்டுக் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையை விலக்கியது. அது நன்றே. ஆனால் பிரம்பை வைத்துவிட்டுக் கையிலெடுப்பது யாது என்பதே வினா. மார்ட்டின் ஹொவ்மன், ஹேபேர்ட் சால்ஸ்ரைன் என்போர் 1967இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டுகின்றது. அதிகாரத்தால் அடக்கிய பெற்றோரின் பிள்ளைகளிடத்து மனச்சான்று மெலிந்திருந்தது. "நீ செய்ததனால் அவனுக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பார்" என எடுத்துக்காட்டித் திருத்திய பெற்றோரின் பிள்ளைகளிடத்து, பிறர் துயர் உணர்தலும் தன் குற்றத்தை ஏற்றலும் வலுவாயிருந்தன. தண்டனைக்கு அஞ்சுபவன் அகப்படாதிருக்கக் கற்கின்றான். விளைவைக் கண்டவன் திருந்தக் கற்கின்றான்.

இவையனைத்தினும் வலியது பெரியோர் நடத்தை. பிறையன், வோல்பெக் என்போர் 1970இல் வெளியிட்டவற்றில், தாம் வென்ற பரிசில் ஒரு பகுதியை ஏழைச் சிறார்க்கு வழங்குமாறு மொழிந்தோரையும், மொழியாது வழங்கினோரையும், வழங்குமாறு மொழிந்து தாம் வழங்காதோரையும் சிறார் காணுமாறு செய்தனர். சிறாரின் ஈகை பெரியோரின் சொல்லை விடச் செயலையே தொடர்ந்தது. இதனை நம்மேல் ஏற்றிப் பார்ப்போம். நம் நாட்டில் முதலாம் வகுப்புச் சேர்க்கை, வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்தைப் பெரிதும் சார்ந்தது. புகழ்பெற்ற கல்லூரியில் இடம் பெறும் பொருட்டு, வாழாத வீட்டில் வாழ்வதாகப் பத்திரம் காட்டுவோர் உளர் என்பது ஊரறிந்த செய்தி. "கேட்டால் இந்த விலாசத்தைச் சொல்" என்று ஐந்து வயது மகனுக்கு மனனம் செய்விக்கும் தந்தை, அவனுக்கு முதல் நீதிபாடம் புகட்டிவிட்டார். அதற்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் எவ்வாசிரியர் எதனைக் கற்பிப்பினும், அம்முதற் பாடத்தை அழித்தல் எளிதாமோ? அத்தந்தையருட் சிலர் நம் சங்கத்து உறுப்பினராயிருத்தலும் கூடும். சிபாரிசுக் கடிதத்தோடு அதிபர் அலுவலக வாயிலிற் காத்திருப்போருள் நம்மவர் இலர் என உறுதி கூறுவார் யார்?

இனி, நற்செயல் பழக்கத்தால் வருவது. பீற்றிஸ் வைற்றிங், ஜோன் வைற்றிங் என்னும் தம்பதியர் ஆறு நாட்டுச் சிற்றூர்களின் சிறாரை ஒப்புநோக்கி 1975இல் எழுதிய நூல் இங்குக் கருதத்தக்கது. கென்யா, மெக்சிக்கோ, பிலிப்பைன்ஸ் நாட்டுச் சிறார் பிறரைப் பேணுதலில் முன்னின்றனர். அமெரிக்க ஊரின் சிறார் பின்னின்றனர். முன்னின்ற ஊர்களில் தாய்மார்க்கு வேலைப் பளு மிகுதி; தம்பி தங்கையரைப் பார்த்தல், விறகும் நீரும் கொணர்தல், ஆடு மாடு மேய்த்தல் என்பன பிள்ளைகள் தலையிலேயே விழுந்தன. அவர்கள் செய்யாவிடின் வீடு நடவாது. தம் உழைப்பு பிறர்க்கு உண்மையாகவே வேண்டப்படுகின்றது என்னும் உணர்வே அவர்களைப் பொறுப்புள்ளோராக்கிற்று. நாமோ, படிக்கின்ற பிள்ளை என்று கூறி, உண்ட கோப்பையைக் கழுவும் வேலையினின்றும் பிள்ளையை விலக்கிவிட்டோம். தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடு என்றால் அவனுக்கும் வேறு ரியூசன் வைத்தாயிற்று. எவர்க்கும் வேண்டப்படாத பிள்ளை, எவர்க்கும் உதவக் கற்பது எங்ஙனம்?

கோல்பேர்க்கும் தம் வாழ்வின் பிற்பகுதியில் இவ்வுண்மைக்கே வந்து சேர்ந்தார். தனி மனத்தின் படிகளை அளந்தவர், 1974இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரிற் கிளஸ்ரர் பள்ளி என்னும் சிறு பள்ளியை அமைப்பதற்குத் துணைநின்றார். அங்கு ஆசிரியர்க்கும் ஒரு வாக்கு, மாணவர்க்கும் ஒரு வாக்கு. விதிகளைக் கூடியிருந்து வகுத்தனர். ஒரு முறை மாணவி ஒருத்தியின் பணம் களவு போயிற்று. கள்வன் எவன் என ஆராய்வதோடு நில்லாது, நம் நடுவே ஒருத்தி இழந்தாள் எனில் அவ்விழப்பு நம் அனைவரதும் ஆகும் என வாதம் எழுந்தது. ஒவ்வொருவரும் 15 சதம் கொடுத்து அவள் இழப்பை ஈடு செய்வதெனத் தீர்மானித்தனர். 15 சதம் சிறு தொகை. ஆனால் அவள் பணம் என்பது நம் பொறுப்பு என மாறிய அக்கணத்தின் மதிப்பு பெரிது. அதனை எப்பதக்கத்தாலும் வாங்க இயலாது.

ஆதலின், நன்னடத்தைப் பதக்கத்துக்கென ஒதுக்க எண்ணும் பொருளைக் கொண்டு நாம் செய்யத்தக்கனவாகச் சிலவற்றை முன்மொழிகின்றோம். முதலாவது, அப்பொருளை மாணவரே நடத்தும் உதவி நிதியாக்குதல். பாடநூல் அரசினாற் கிடைப்பினும், கொப்பிக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பஸ் கட்டணத்துக்கும் இடர்ப்படும் மாணவர் நம் வகுப்புகளில் உளர். எவர்க்கு எவ்வளவு என்பதை வகுப்புகள் தெரிந்தெடுத்த பிரதிநிதிகளே ஆராய்ந்து முடிவு செய்க. பெற்றோன் பெயர் வெளியாகாதிருக்க. கணக்கு மட்டும் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படுக. எவனுக்குத் தேவை பெரிது என வாதித்து முடிவு காண்பதே, நீதியையும் பரிவையும் ஒருங்கே கற்பிக்கும் பாடமாகும்.

இரண்டாவது, மேல் வகுப்பு மாணவர் வாரத்தில் ஒரு மணி நேரம் கீழ் வகுப்பு மாணவர்க்கு வாசிப்பும் கணக்கும் கற்பித்தல். ஒவ்வொரு மூத்தவனுக்கும் ஓர் இளையவன் பொறுப்பாதல் வேண்டும். இதற்குச் சான்றிதழ் வேண்டா. இளையவனின் வாசிப்புத் திருந்துவதே சான்று. மூன்றாவது, வகுப்பிற் பொருள் உடைந்தாலோ சண்டை நேர்ந்தாலோ, தண்டனைக்கு முன்னர் வகுப்பே கூடி, யாருக்கு என்ன இழப்பு, அதனை எவ்வாறு சீர்செய்வது என்று பேசுதற்கு அரை மணி நேரம் அளித்தல். மாணவ முதல்வர் அக்கூட்டத்தை நடத்துவராயின், அவர் அணியும் சின்னம் அதிகாரத்தின் அடையாளமாக மட்டும் நில்லாது பொறுப்பின் அடையாளமும் ஆகும்.

பிள்ளைகள் கையிற் பணத்தைக் கொடுத்தால் தவறு நேராதா என்பர். நேரும். சில வேளை முடிவு பிழைக்கும். சில வேளை தோழனுக்குச் சாய்வு காட்டப்படும். ஆசிரியர் ஒருவர் கணக்காய்வாளராக உடனிருத்தல் இன்றியமையாததே. ஆயினும் சிறு தொகையிற் சிறு பிழை செய்து திருந்தும் வாய்ப்பை இளமையில் மறுத்துவிட்டு, பெருந்தொகையையும் பெரும்பதவியையும் பின்னர் அவர்கள் கையிற் கொடுக்கும் நாட்டின் நிலை எவ்வாறிருக்கும் என்பதைக் காணத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பிள்ளைகளுக்கு இத்தகுதி உண்டா என ஐயுறுவோர், 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்தபோது நிகழ்ந்தவற்றை நினைவுகூர்க. பாடசாலைகள் பல புகலிடங்களாயின. அங்குச் சோறு பகிர்ந்தவருள்ளும் முதியோரைத் தாங்கியவருள்ளும் பள்ளி மாணவர் பலர் இருந்தனர். எவரும் அவர்க்குப் பதக்கம் காட்டவில்லை. வேண்டப்பட்டனர், எழுந்தனர்.

இறுதியாக நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மேற்கூறியவற்றுக்குப் பொருள் வேண்டும்; அதனை நாம் திரட்டிவிடலாம். ஆனால் பொருளைக் காட்டிலும் அரிய கொடை ஒன்றுண்டு. அது நம் பிள்ளைகளுக்கோ மருமக்களுக்கோ இடம் வேண்டிப் பொய்ப் பத்திரம் காட்டோம், சிபாரிசு தேடோம் என்று நாம் எடுத்துக்கொள்ளத்தக்க உறுதி. பதக்கம் நிறுவுதல் எளிது. பணம் கொடுத்தால் முடிந்தது. இவ்வுறுதியோ நமக்கு உண்மையாகவே ஏதேனும் இழப்பை உண்டாக்கும். இழப்புடைய செயலையே பிள்ளைகள் நம்புவர். விழா மேடையில் நாம் கூறும் அறவுரைகளை அவர்கள் செவியாற் கேட்பர். கல்லூரி வாயிலில் நாம் நடந்துகொள்ளும் முறையைக் கண்ணாற் காண்பர். கண்டதன்வழியே அவர்கள் நடப்பர். நம் கல்லூரி நீடு வாழ்க. அதன் பிள்ளைகள் எவரும் பாராத வேளையிலும் நல்லோராய் வாழ்க.